முதல் ஐரோப்பியப் பயணம்: ரோமில் இறங்கி, பாரிஸில் விமானம் ஏறுங்கள்

பத்து நாளில் எட்டு நாடு என்று விளம்பரம் செய்யும் சுற்றுலாத் திட்டங்களில் பாதிப் பொழுது பேருந்து சன்னலோரத்திலேயே கழிந்துவிடும். முதல் முறை போகிறவர்களுக்கு என் யோசனை வேறு. மூன்று நாடு போதும், ஐந்து ஊர் போதும், எல்லாம் ரயிலில். போகும் திசை ஒன்றாகவே இருக்கட்டும்: தெற்கே ரோமில் இறங்கி வடக்கே பாரிஸில் முடிப்பது. இந்த வரிசையில் போனால் வரலாறும் கூடவே முன்னேறும். முதலில் ரோமப் பேரரசு, அடுத்து ஃபிளாரன்ஸின் மறுமலர்ச்சிக் காலம், பிறகு வெனிஸ் வணிகர்கள், நடுவில் மலைகளைப் பார்த்து மூச்சு வாங்கிக்கொண்டு, கடைசியில் புரட்சி கண்ட பாரிஸ். தலைகீழாகப் போனால் எல்லாம் குழம்பிப்போகும் என்றில்லை, ஆனால் இந்த வரிசையில் ஒரு ஊர் அடுத்த ஊரை விளக்கிக்கொண்டே வரும்.

இரவுக் கணக்கு இப்படி: ரோம் 4, ஃபிளாரன்ஸ் 3, வெனிஸ் 2, சுவிட்சர்லாந்தில் லூசெர்ன் 3, பாரிஸ் 4. இரண்டு வாரம்தான் விடுப்பு என்றால் ஃபிளாரன்ஸிலும் பாரிஸிலும் ஒவ்வோர் இரவைக் குறையுங்கள். ஒரு ஊரை அடியோடு விட வேண்டி வந்தாலும் விடுங்கள். புதிதாக ஒரு ஊரைச் சேர்க்க மட்டும் வேண்டாம். லண்டனையும் சேர்த்துவிடலாமே என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டும். அதை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

எப்போது போவது

ஏப்ரல் பிற்பகுதி, மே, செப்டம்பர், அக்டோபர் முதல் பாதி. இவைதான் நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் ரோமில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். சென்னைக்காரர்களுக்கு அது பெரிதில்லை என்று தோன்றலாம், ஆனால் நிழலில்லாத இடிபாடுகளுக்கு நடுவே நாள் முழுக்க நடக்க வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். குளிர்காலத்தில் கூட்டமும் செலவும் குறையும், ஆனால் மாலை ஐந்துக்கே இருட்டிவிடும். நம் பள்ளி விடுமுறையோடு ஒத்துவருவதால் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு மே மாதமே சரி. மலையில் அப்போதும் பனி இருக்கும்.

விசாவும் விமானமும்

இத்தாலி, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் மூன்றும் ஷெங்கன் கூட்டத்தில் இருப்பதால் ஒரே விசா போதும். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, பணமும் வேறு (பிராங்க்), ஆனால் ஷெங்கனில் உண்டு. அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. மேலே சொன்ன கணக்கில் இத்தாலியில் 9 இரவு வருவதால் இத்தாலி விசா. நாள்கள் சமமாக வந்தால் முதலில் எந்த நாட்டுக்குள் நுழைகிறீர்களோ அந்த நாடு.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பு என்று விதி சொன்னாலும் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்; கோடைக்கு முன் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. மூன்று மாதம் முன்பே முடித்துவிடுவது நிம்மதி. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45 யூரோ, அதற்கும் சிறியவர்களுக்கு இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பாஸ்போர்ட் ஊர் திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். அதில் இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்பதாக இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல், அலுவலக விடுப்புக் கடிதம், தங்குமிடப் பதிவு எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகட்டும். விடுப்புக் கடிதத்தில் ஒரு தேதி, ஓட்டல் பதிவில் வேறு தேதி என்றால் சிக்கல்தான்.

விசா வரும் வரை ரத்து செய்யக்கூடிய ஓட்டல் அறைகளை மட்டும் பதியுங்கள். விமான டிக்கெட் தேடும்போது போய்வரும் டிக்கெட் என்பதைத் தேர்ந்தெடுக்காமல், மல்ட்டி சிட்டி என்ற இடத்தில் சென்னை–ரோம், பாரிஸ்–சென்னை என்று போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விலை பெரிதாக மாறாது. பாரிஸிலிருந்து ரோமுக்குத் திரும்பி வரும் ஒரு நாளும் ஒரு டிக்கெட்டும் மிச்சம்.

2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லையில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதில் முகப் படம், விரல் ரேகை கொண்டு கணினியில் பதியும் முறை படிப்படியாக வந்திருக்கிறது. முதல் நுழைவில் வரிசை நீளலாம். இறங்கிய இரண்டு மணி நேரத்தில் வேறு டிக்கெட் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பெட்டியில் ஒரு விஷயம் கவனம். இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் அதில் அடங்கும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் தாராளமாகப் போகலாம்.

முன்பதிவு செய்தே தீர வேண்டியவை

பலர் தடுமாறும் இடம் இதுதான். ஊரும் ஓட்டலும் முடிவாகிவிட்டால் எல்லாம் ஆயிற்று என்று இருந்துவிடுவார்கள். ரோமின் பழைய அரங்கமான கொலோசியத்துக்கு டிக்கெட் சுமார் 30 நாள் முன்பு அதிகாரப்பூர்வத் தளத்தில் திறக்கும், பெயரோடு பதிய வேண்டும், நல்ல நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். வத்திக்கான் அருங்காட்சியகம், ஃபிளாரன்ஸில் மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலை, அங்குள்ள பேராலயத்தின் குவிமாடம், ஈஃபிள் கோபுரத்தின் லிஃப்ட், பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் எல்லாமே நேரம் குறித்த டிக்கெட்டுகள். வழியில் மிலனில் இறங்கி லியோனார்டோவின் கடைசி இராப்போஜனம் சுவரோவியத்தைப் பார்க்க ஆசை என்றால் இன்னும் முன்கூட்டியே முந்த வேண்டும். சிறு சிறு குழுவாக 15 நிமிடம் மட்டும் உள்ளே விடுவார்கள்.

விடுமுறை நாளையும் சரிபாருங்கள். ஃபிளாரன்ஸின் உஃபிட்சி ஓவியக்கூடமும் டேவிட் சிலை உள்ள அக்காடெமியாவும் திங்கள் விடுமுறை. பாரிஸ் அருகிலுள்ள வெர்சாய் அரண்மனையும் திங்கள்தான். லூவ்ர் செவ்வாய். வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறு மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள். அன்றைக்குப் போகாமலிருப்பது நல்லது, அவ்வளவு கூட்டம்.

ரயில் டிக்கெட்டில் இத்தாலியின் அதிவேக ரயிலும் சுவிட்சர்லாந்து–பாரிஸ் ரயிலும் விமானம் மாதிரி, நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். உள்ளூர் ரயிலுக்கு விலை மாறாது, அன்றைக்கே வாங்கலாம். காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை இட வேண்டும், மறந்தால் அபராதம். ஐரோப்பா முழுவதற்குமான ரயில் பாஸ் இந்தப் பயணத்துக்கு லாபமில்லை. பாஸ் இருந்தாலும் இந்த வேக ரயில்களில் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

ரோம்

விமான நிலையத்திலிருந்து தெர்மினி ரயில் நிலையத்துக்கு நேர் ரயில் இருக்கிறது, 32 நிமிடம். முதல் நாள் பெரிதாக எதுவும் வேண்டாம்; மாலையில் பாந்தியன் என்ற பழைய ரோமக் கோயில் வரை நடந்துவிட்டு வாருங்கள். என்னைக் கேட்டால் ரோமில் முதலில் பார்க்க வேண்டியது கொலோசியம் அல்ல, இதுதான். பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், கி.பி. 126 வாக்கில் முடிந்த கட்டடம். குவிமாடத்தின் குறுக்களவு 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சி வரை உயரமும் அதே அளவு. கம்பி போடாத கான்கிரீட் குவிமாடத்தில் இன்றுவரை உலகில் இதுவே பெரியது. உச்சியில் திறந்த வட்டத் துளை. மழை நேரே உள்ளே பெய்யும், தரையிலுள்ள சிறு ஓட்டைகள் வழியே வடிந்துவிடும். சுற்றிலும் மற்றக் கோயில்கள் கல் கல்லாகப் பிடுங்கப்பட்டபோது இது தப்பியதற்குக் காரணம், 609-இலேயே தேவாலயமாக மாற்றிவிட்டார்கள்.

அடுத்த நாள் கொலோசியம். பேரரசர் வெஸ்பாசியன் தொடங்கி, அவர் மகன் டைட்டஸ் கி.பி. 80-இல் திறந்தது. சுவரெங்கும் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள் தெரியும். கற்களைப் பிணைத்திருந்த இரும்புப் பட்டைகளை இடைக்காலத்தில் தோண்டி எடுத்ததன் அடையாளம் அவை. அதே டிக்கெட்டில் பக்கத்திலுள்ள பழைய ஊர்ச் சதுக்கமான ரோமன் ஃபோரமும் பாலடைன் குன்றும் அடங்கும். பலர் கொலோசியத்தோடு களைத்துத் திரும்பிவிடுகிறார்கள். ஃபோரத்துக்குள் மாக்சென்டியஸ் பசிலிக்கா என்ற மூன்று பெரும் வளைவுகள் கொண்ட இடிபாடு இருக்கிறது. அது எழும்பிய இடத்தில் அதற்கு முன் இருந்தவை பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்குகள். சேர நாட்டு முசிறித் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய மிளகு போய்ச் சேர்ந்த இடம் இந்த ஊர். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் ரோமானியச் சாடிகள் கிடைத்த கதை தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் சற்று நேரம் நிற்கத் தோன்றும்.

மூன்றாம் நாள் வத்திக்கான். சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரையை மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்தார். பீடத்துக்குப் பின்னுள்ள இறுதித் தீர்ப்பு ஓவியம் அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து வந்தது. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. புனித பேதுரு பேராலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை, பாதுகாப்புச் சோதனை வரிசை மட்டும் நீளம். காலை எட்டுக்கு முன் போனால் பிழைத்தீர்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். வாசலில் கோடு போட்ட வண்ண உடையில் நிற்கும் சுவிஸ் காவலர்களைப் பார்த்து வையுங்கள், லூசெர்னில் இவர்களைப் போன்ற காவலர்களின் கதை வரும்.

தண்ணீர் வாங்காதீர்கள். தெருவோரம் இரும்புக் குழாய்களில் நாள் முழுக்க நல்ல குடிநீர் ஓடுகிறது. காபியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. இத்தாலியின் பல ஊர்களில் உணவகத்து ரசீதில் தலைக்கு இவ்வளவு என்று கோபர்த்தோ ஒன்று இருக்கும். ஏமாற்று இல்லை, இருக்கைக் கட்டணம்.

ஃபிளாரன்ஸும் பீசாவும்

ரோமிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஊர் சின்னது, நடந்தே முடிக்கலாம். 1296-இல் பேராலயம் கட்டத் தொடங்கினார்கள். நடுவே விட்ட எண்கோண இடத்தை எப்படி மூடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவு அகலத்துக்குச் சாரம் கட்ட மரம் ஏது? பொற்கொல்லராகப் பயின்ற புருனலெஸ்கி 1420-இல் தொடங்கி, தரையிலிருந்து முட்டுக்கொடுக்காமலே, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடுகளாகச் செங்கல் அடுக்கி 1436-இல் மூடினார். 463 படி ஏறினால் அந்த இரு ஓடுகளுக்கு நடுவிலேயே நடந்துபோகிறீர்கள். முழங்கால் ஒத்துழைத்தால் ஏறிவிடுங்கள், லிஃப்ட் கிடையாது.

டேவிட் சிலை 5 மீட்டருக்கும் மேல் உயரம். டிக்கெட் கிடைக்காவிட்டால் பலாட்சோ வெக்கியோ என்ற பழைய அரண்மனை வாசலில் உள்ள நகலைப் பாருங்கள். 1873 வரை மூலச்சிலை நின்ற இடம் அதுதான். உஃபிட்சியில் எல்லா அறையும் பார்க்க முயலாதீர்கள். ஓவியர் பொத்திச்செல்லியின் அறைகளும் லியோனார்டோ அறையும் பார்த்துவிட்டு வெளியே வந்து ஆர்னோ ஆற்றங்கரையில் உட்காரலாம்.

பீசாவுக்கு உள்ளூர் ரயிலில் ஒரு மணி நேரம், அரை நாள் போதும். 1173-இல் தொடங்கிய சாய்ந்த கோபுரம் மூன்றாம் மாடி எழும்போதே ஒருபக்கம் இறங்கியது, அடியில் மென்மண். போர்களால் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வேலை நின்றது. அந்த இடைவெளியில் மண் இறுகியதால்தான் பிழைத்தது. நிற்காமல் கட்டியிருந்தால் விழுந்திருக்கும் என்கிறார்கள் பொறியாளர்கள்.

வெனிஸ்

மலிவு என்று பலர் மெஸ்த்ரேயில் தங்குகிறார்கள். அது நிலப்பகுதி. ஒரு இரவாவது தீவுக்குள் தங்குங்கள், செலவு கூடினாலும் பரவாயில்லை. பகல் பயணிகள் கிளம்பிய பிறகும், காலை எட்டுக்கு முன்பும்தான் வெனிஸ் வெனிஸாக இருக்கிறது. தங்குமிடம் படகுத் துறைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். காரும் ஆட்டோவும் இல்லாத ஊர்; 400-க்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலும் படிக்கட்டோடு. பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்கு பாலம் ஏறி இறங்கினால் ஊரே வெறுத்துவிடும்.

சான்ட்டா லூச்சியா நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பொதுப் படகில் 1-ஆம் எண்ணைப் பிடியுங்கள். பெருங்கால்வாய் முழுதையும் மெதுவாகக் காட்டிக்கொண்டு போகும். கொண்டோலா அரை மணி நேரத்துக்கு 90 யூரோ. என் கணக்கில் இந்தப் படகே போதும். புனித மாற்கு பேராலயத்தின் முகப்பில் நான்கு வெண்கலக் குதிரைகள் நகல். மூலம் உள்ளே இருக்கிறது. 1204-இல் கான்ஸ்டாண்டிநோபிளைக் கொள்ளையிட்டபோது வெனிஸ்காரர்கள் தூக்கிவந்தவை. 1797-இல் நெப்போலியன் அவற்றைப் பாரிஸுக்குத் தூக்கிக்கொண்டு போனார், அவர் வீழ்ந்தபின் 1815-இல் திரும்பின. கூட்டமான சில நாட்களில் பகல் பயணிகளிடம் நகராட்சி நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. இரவு தங்குவோருக்குக் கட்டணம் இல்லை, ஆனால் இணையத்தில் பதிந்து விலக்கு பெற வேண்டும்.

லூசெர்ன்

வெனிஸிலிருந்து மிலன், மிலனிலிருந்து கோத்தார்டு சுரங்கம் வழியாக லூசெர்ன். 2016-இல் திறந்த அந்தச் சுரங்கம் 57 கிலோமீட்டர், உலகின் மிக நீளமான ரயில் சுரங்கம். இன்டர்லாக்கனில்தான் தங்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு லூசெர்ன்தான் வசதி. பழைய ஊர், ஏரி, மலை மூன்றும் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்.

இங்கே சுவிஸ் டிராவல் பாஸ் பெரும்பாலும் கட்டுபடியாகும். ரயில், பேருந்து, ஏரிப் படகு, ரிகி மலை ரயில் எல்லாம் அதிலேயே அடங்கும். 1871-இல் ஓடத் தொடங்கிய ரிகி ரயில்தான் ஐரோப்பாவின் முதல் பற்சக்கர மலை ரயில். படகில் போய் ரயிலில் ஏறி வேறு பக்கம் இறங்கினால் ஒரு நாள் இனிதாகக் கழியும். யுங்ஃபிராவ்யோக் 3,454 மீட்டரில் இருக்கும் ரயில் நிலையம், 1912-இல் திறந்தது. பாஸ் இருந்தாலும் தள்ளுபடிதான், இலவசம் இல்லை. குழந்தைகள் பனியில் விளையாடியே ஆக வேண்டும் என்றால் போங்கள். மற்றவர்களுக்கு லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்டாப்பாக் அருவியே போதும். எந்த மலையானாலும் காலையில் உச்சியின் நேரலைக் கேமராவைப் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள். மேகம் மூடியிருந்தால் அவ்வளவு பணமும் வெள்ளைத் திரை பார்க்கத்தான்.

ஊருக்குள் பாறையில் குடைந்த சிங்கம் ஒன்று ஈட்டி பாய்ந்து சாய்ந்து கிடக்கும். 1792 ஆகஸ்ட் 10 அன்று பாரிஸில் துய்லரி அரண்மனையைக் காத்து மாண்ட, பிரெஞ்சு மன்னரின் சுவிஸ் காவலர்களுக்காக 1821-இல் எழுப்பியது. இரண்டு நாளில் அதே துய்லரியில்தான் நடக்கப்போகிறீர்கள். அரண்மனை 1871-இல் எரிந்துபோயிற்று, தோட்டம் மட்டும் இருக்கிறது.

சாப்பாட்டுச் செலவு இங்கே கையைக் கடிக்கும். சமையலறை உள்ள அறை எடுத்து, கூப் அல்லது மீக்ரோ கடையில் அரிசியும் தயிரும் வாங்கினால் தயிர்ச்சாதம், ஊறுகாய் என்று ஒரு வேளையைச் சமாளிக்கலாம். கைப்பேசித் திட்டம் வாங்கும்போது அதில் சுவிட்சர்லாந்து உண்டா என்று தனியாகப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத் திட்டங்கள் பலவற்றில் இருக்காது.

பாரிஸ்

பாசெல் வழியாக வேக ரயிலில் சுமார் நான்கரை மணி நேரத்தில் பாரிஸிலேயே உள்ள லியோன் என்ற ரயில் நிலையத்தில் இறங்கலாம். ஈஃபிள் கோபுரம் 1889 கண்காட்சிக்காக 20 ஆண்டு அனுமதியோடு எழுந்தது. வானொலி அலைவரிசைக்குப் பயன்பட்டதால் இடிபடாமல் தப்பியது. இருட்டியபின் ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம் மினுங்கும். மே, ஜூனில் இருட்டவே பத்து மணி ஆகும், அதற்கேற்றபடி திட்டமிடுங்கள்.

லூவ்ரில் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருவோருக்கு 2026 ஜனவரியிலிருந்து 32 யூரோ. அவ்வளவு கொடுத்துவிட்டு மோனாலிசா முன் கூட்டத்தில் நின்று திரும்பாதீர்கள். ஹம்முராபியின் சட்டங்கள் பொறித்த கருங்கல் தூண் அதே கட்டடத்தில்தான், அங்கே நெரிசல் குறைவு. புதனும் வெள்ளியும் இரவு 9 வரை திறந்திருக்கும், மாலையில் போங்கள். நோத்ர தாம் பேராலயம் 2019 தீ விபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் திறந்தாயிற்று, இலவசம். அதன் அருகிலேயே 1248-இல் முடிந்த சென்ட் ஷபேல் சிற்றாலயம். வெயிலுள்ள நாளாகப் பார்த்துப் போனால் அதன் வண்ணக் கண்ணாடிகளுக்கு ஈடு இந்தப் பயணத்தில் வேறில்லை. வெர்சாய்க்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். முதல் உலகப் போரை முடித்த ஒப்பந்தம் 1919-இல் கையெழுத்தான கண்ணாடி மண்டபம் அங்கேதான்.

இட்லி, தோசைக்கு ஏங்கினால் வடக்கு நிலையத்தை ஒட்டிய லா ஷபேல் பகுதி. ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ போகிறவர்களுக்கு அங்குள்ள மாணிக்க விநாயகர் ஆலயத் தேரும் கிடைக்கலாம்.

ஜேப்படி இந்த ஐந்து ஊரிலும் உண்டு, பாரிஸ் மெட்ரோவில் கூடுதல். கையெழுத்துக் கேட்டு அட்டையோடு வரும் பெண்களிடமும், சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டில் மணிக்கட்டில் நூல் கட்ட வருபவர்களிடமும் நிற்காமல் நடந்துவிடுங்கள். பாஸ்போர்ட்டின் நகலை வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். அவசரத்துக்கு மூன்று நாட்டிலும் 112. கார்டு தேய்க்கும்போது ரூபாயா யூரோவா என்று இயந்திரம் கேட்டால் யூரோவையே அழுத்துங்கள், ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் நஷ்டம்.

ஊர் திரும்பும் நாளில் மூன்றரை மணி நேரம் முன்பே ஷார்ல் தெ கோல் விமான நிலையத்தில் இருங்கள். நகரத்திலிருந்து ஆர்.இ.ஆர் பி என்ற புறநகர் ரயில் போகும். அங்கே முனையங்கள் ஒன்றுக்கொன்று தொலைவு. உங்கள் விமானம் 1-ஆம் முனையமா 2-ஆம் முனையமா என்று முந்தின இரவே பார்த்து வையுங்கள். தவறி இறங்கிவிட்டால் இரண்டுக்கும் இடையே இலவச ரயில் ஓடுகிறது.